கப்பித் தொட்டியில் ஆண்–பெண் கணக்கு தப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"ஓர் ஆணுக்கு மூன்று பெண்." கப்பி வளர்க்கத் தொடங்கும் எல்லோரும் முதல் நாளே கேட்டுவிடும் கணக்கு இது. கணக்கில் தவறில்லை. ஆனால் மீனைத் தொட்டியில் விட்ட அன்றைக்கு மட்டுமே அது செல்லும். கப்பி மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடுகிற மீன். பிறப்பதில் ஏறக்குறையப் பாதி ஆண். ஆண் குட்டி 7 வாரத்திலேயே துரத்தத் தொடங்கிவிடும். பெண் குட்டி தலையீற்றுக்கு வர இரண்டரை மாதமாவது ஆகும். ஆகவே 1-க்கு 3 என்று பார்த்துப் பார்த்து வாங்கி விட்ட தொட்டி, மூன்றாம் மாதம் நீங்கள் கவனிக்காமலேயே ஆண் தொட்டியாகியிருக்கும். கீழே வரும் தொல்லைகளில் பலவும் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவைதான்.

அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் எண்ணுங்கள்

தீனி போடும்போது எல்லா மீனும் முன்பக்கம் கூடும். அந்த நேரத்தில் கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணுங்கள். நேரில் எண்ணினால் பளபளப்பான ஒரே ஆணை மூன்று தடவை எண்ணிவிட்டு, செடிக்குப் பின்னால் நிற்கிற பெண்ணை விட்டுவிடுவோம். தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: ஆண், பெண், தெரியவில்லை. இந்த மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

நிறத்தையும் வாலையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்போது வருகிற ரகங்களில் பெண்ணுக்கும் வாலில் நல்ல நிறம் இருக்கிறது. பார்க்க வேண்டியது வயிற்றுக்கு அடியில், கழிவுத் துளையை ஒட்டிப் பின்னால் இருக்கும் துடுப்பை. பெண்ணுக்கு அது சின்ன விசிறி போல முக்கோணமாக விரிந்திருக்கும். ஆணுக்கு அதே துடுப்பு ஒடுங்கி, குச்சி போல நீண்டு, வயிற்றோடு ஒட்டிப் பின்பக்கம் நோக்கிக் கிடக்கும். கோனோபோடியம் என்பது இதன் பெயர். விந்தைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்துகிற உறுப்பு. பெண்ணிடம் இன்னோர் அடையாளமும் உண்டு: அந்தத் துடுப்புக்குச் சற்று மேலே, வயிற்றின் கடைசியில் ஒரு கரும்புள்ளி. சினை முற்ற முற்ற அது பெரிதாகிக் கறுக்கும். வெளிர் நிற ரகங்களில் கறுப்பாக இல்லாமல் ஆரஞ்சாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். அதனால் புள்ளி தெரியவில்லை என்பதற்காக ஒரு மீனை ஆண் என்று எழுதிவிடாதீர்கள்.

எண்ணி முடித்ததும் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். மீன் கழிவிலிருந்து சேரும் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே. வெப்பம் 24 முதல் 28 டிகிரி. ஏன் இதை இங்கே சொல்கிறேன் என்றால், அமோனியா ஏறிய தொட்டியிலும் பெண் மீன் மேல் மூலையில் ஒதுங்கி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, தீனிக்கு வராமல் நிற்கும். பார்க்கத் துரத்தலால் வந்த களைப்பு போலவே இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் கெட்டால் ஆணும் சோர்ந்துபோகும். ஆண்கள் துள்ளிக்கொண்டு திரிய, பெண்கள் மட்டும் வாடியிருந்தால்தான் கணக்கில் கோளாறு.

ஆண்கள் பெண்களைத் துரத்திக்கொண்டே இருக்கின்றன

முதலில், இது நோயா இயல்பா என்று பாருங்கள். ஆண் கப்பி பெண்ணுக்கு முன்னால் வந்து, உடலை 'எஸ்' போல வளைத்து, துடுப்பை விரித்து நடுங்கிக் காட்டும். பெண் கண்டுகொள்ளாமல் போகும். அது அடுத்த பெண்ணிடம் போகும். நாள் முழுக்க நடக்கிற நாடகம் இது, கவலைப்பட ஒன்றுமில்லை. இன்னொரு வகை உண்டு: காட்டுவது எதுவும் இல்லாமல் பின்னாலிருந்து பாய்ந்து குத்திவிட்டு ஓடுவது. ஆண்கள் கூடக் கூட இந்த இரண்டாவது வகைதான் மிகுதியாகும்.

பிரித்துப் பார்க்க எளிய சோதனை தீனிதான். தீனியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஆண்கள் துரத்தலை மறந்து தின்ன வருகின்றன, பெண்களும் நிம்மதியாகத் தின்கின்றன என்றால் விட்டுவிடுங்கள். பெண் வாயை வைக்கும் முன்பே ஒன்று வந்து இடிக்கிறது, அது தீனியை விட்டு ஓடுகிறது, இதே கதை அடுத்தடுத்த நாளும் நடக்கிறது என்றால் தலையிட வேண்டும்.

தலையிடுவது என்றவுடன் எல்லோரும் செய்கிற காரியம், கூடுதலாகப் பெண் மீன் வாங்கி வந்து விடுவது. அதில் எனக்கு உடன்பாடில்லை. 6 ஆணும் 3 பெண்ணும் இருக்கிற தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1-க்கு 3 ஆக்க வேண்டுமானால் 18 பெண் வேண்டும். அதாவது புதிதாக 15. அந்த 15-ம் பெரும்பாலும் வயிற்றில் குட்டியோடுதான் வரும். ஒரு மாதத்தில் தொட்டி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பதில் 5 ஆணை வெளியே எடுத்தால் அதே கணக்கு அன்று மாலையே நேராகிவிடும். ஆணைக் குறைப்பதுதான் மருந்து. பெண்ணைக் கூட்டுவது நோயைத் தள்ளிப்போடுவது.

எந்த ஆணை வைத்துக்கொள்வது? இங்கே கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். ஆண் கப்பியின் நிறத்தைத் தீர்மானிக்கிற மரபணுக்களில் பல ஒய் குரோமோசோமில் இருக்கின்றன. அவை அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். டென்மார்க்கைச் சேர்ந்த உயிரியலாளர் யோஹன்னஸ் ஷ்மிட் 1920-இல் கப்பியை வைத்தே இதைக் காட்டினார். ஆகவே இன்று நீங்கள் விட்டுவைக்கிற ஆணின் சாயல்தான் அடுத்த தலைமுறை ஆண்களில் திரும்பத் திரும்ப வரும். அழகானது ஒன்றும், முதுகு நேராக, சுறுசுறுப்பாக நீந்துவது ஒன்றும் வேறுவேறாக இருந்தால் இரண்டாவதை வையுங்கள்.

எடுத்த ஆண்களை எங்கே வைப்பது என்பதற்குக் கீழே ஆண்களுக்கு மட்டுமான தொட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கோடு இன்னொன்றும் வேண்டும்: மறைவு. ஆண் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே துரத்துகிறது. வெறும் கண்ணாடிப் பெட்டிக்குள் 1-க்கு 4 இருந்தாலும் பெண்ணுக்கு ஓய்வு கிடையாது. தொட்டியின் நடுவில் உயரமான செடி ஒரு கொத்து இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தெரியாது. அது போதும், துரத்தல் பாதியில் அறுந்துவிடும். மேலே மிதக்கிற ஹார்ன்வொர்ட், கப்பி கிராஸ் போன்றவை இன்னும் நல்லது. ஓய்வெடுக்கப் பெண் கப்பி மேல்மட்டத்துக்குத்தான் போகும். டிரினிடாட் ஓடைகளில், கப்பியின் சொந்த மண்ணில், ஆண்களின் தொல்லை தாங்காமல் பெண்கள் பெரிய மீன் இரைதேடும் ஆழப் பகுதிக்கே ஒதுங்கிப் போவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் தொட்டியில் போக வேறு இடம் இல்லை.

கணக்கு சரி, ஆனால் ஒரே ஒரு பெண்ணை மட்டும் எல்லாம் சேர்ந்து துரத்துகின்றன

அந்தப் பெண்ணின் வயிற்றைப் பாருங்கள். நேற்று வரை பெட்டி போல இருந்து இன்று ஒட்டிப்போயிருந்தால், இரவில் குட்டி போட்டிருக்கிறது. ஈன்ற பிறகு சில நாள் பெண் கப்பி இணைசேரத் தயாராக இருக்கும்; ஆண்களுக்கு அது தண்ணீரில் கலக்கும் வாசனையிலேயே தெரிந்துவிடும். மற்றப் பெண்கள் ஆண்களின் கண்ணுக்கே படாது. காகிதத்தில் 1-க்கு 3 என்று இருந்தாலும் அந்த இரண்டு மூன்று நாளுக்கு உண்மையான கணக்கு எல்லா ஆணுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண் என்பதுதான்.

ஈன்ற களைப்போடு இருக்கிற பெண்ணை வலைவீசிப் பிடிப்பதைவிட, ஆண்களைப் பிடித்து மூன்று நாள் வேறு பெட்டியில் வைப்பது நல்லது. அப்படிச் செய்ய இடமில்லை என்றால், அதிகமாகத் துரத்துகிற ஓர் ஆணை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் மற்றவற்றையும் கிளப்பிவிடும்.

முதல் முறை பருவத்துக்கு வந்த இளம் பெண்ணிடமும் இதே கூட்டம் கூடும். ஆனால் வயிறு பழையபடியே இருக்கிறது, வயதும் ஆன பெண், அதையே எல்லாம் இடிக்கின்றன என்றால் அது இணைசேரும் ஆர்வமாக இல்லாமல் இருக்கலாம். நோயுற்ற மீனையும் மற்றவை போய் மொய்க்கும். செதில் பூஞ்சை பிடித்தது போலிருக்கிறதா, கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறதா, முதுகு மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்தப் பெண்ணைத்தான் தனியே எடுக்க வேண்டும்.

ஆணைப் பிரித்து மாதக்கணக்காகிறது, பெண்கள் இன்னும் குட்டி போடுகின்றன

பெண் கப்பியின் உடலுக்குள் விந்து மாதக்கணக்கில் உயிரோடு தங்கும். ஒரு தடவை இணைசேர்ந்த பெண், ஆணையே பார்க்காமல் அடுத்தடுத்துப் பல ஈற்றுப் போடும். ஒவ்வோர் ஈற்றுக்கும் இடையில் நான்கு வாரம் போலக் கணக்கு வைத்தால், பிரித்து வைத்த பிறகும் ஆறு ஏழு மாதம் குட்டி வரலாம். அதனால் "பெண் மட்டும் வாங்கினால் குட்டித் தொல்லை இல்லை" என்பது நடக்காத காரியம். வளர்ந்த பெண் என்றாலே சினை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் செய்ய ஒன்றுமில்லை, பொறுத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஈற்றிலும் குட்டிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறதா என்று குறித்து வையுங்கள். 40, 25, 10 என்று இறங்கினால் சேமிப்பு தீர்கிறது என்று பொருள். இறங்காமல் அதே அளவில் தொடர்ந்தால், அல்லது நின்றுபோய்த் திடீரென்று மறுபடி தொடங்கினால், பெண்கள் தொட்டியில் ஓர் ஆண் ஒளிந்திருக்கிறது.

குறிப்பிட்ட ஆணின் வாரிசு மட்டுமே வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தச் சேமிப்பு பெரிய தலைவலி. அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி, பெண் குட்டிகளை நான்கு வார வயதிலேயே பிரித்து வளர்த்து, பிறகு அந்த ஆணோடு சேர்ப்பது.

"பெண்" என்று வைத்திருந்தது ஆணாகிவிட்டது

கப்பி பால் மாறும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மாறவில்லை, தாமதமாகக் காட்டியிருக்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த ஆண்களில் சில ஏழு வாரத்தில் நிறம் ஏறி நிற்கும்; சில மூன்று நான்கு மாதம் வரை சாம்பல் நிறத்தில், கொஞ்சம் பருமனாக, அசல் பெண் போலவே திரியும். நான் ஐந்து பெண் என்று நினைத்துத் தனியே வளர்த்த கூட்டத்தில் ஒன்று இப்படித்தான் நான்காம் மாதம் வாலில் நீலம் காட்டியது. அதற்குள் மற்ற நான்கும் சினை. அந்த நான்கின் வயிற்றைப் பார்த்த பிறகுதான் ஐந்தாவதன் துடுப்பைப் பார்த்தேன் என்பது என் கவனத்தின் லட்சணம்.

தாமத ஆணைப் பிடிக்க வழி: கரும்புள்ளி இல்லாமல், அடித்துடுப்பின் முன்விளிம்பு மட்டும் தடித்து நீண்டு வருகிறதா என்று வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். முக்கோணம் குச்சியாவது ஒரே நாளில் நடக்காது; இடையில் ஒரு வாரம் இரண்டு வாரம் இரண்டுங்கெட்டான் வடிவம் இருக்கும். மீனைக் கண்ணாடி டம்ளரில் விட்டு, பின்னால் விளக்கை வைத்து, பக்கவாட்டில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும்.

தொட்டியில் குட்டி பெருகிவிட்டது, பாதிக்கு மேல் ஆண்

தொடக்கத்தில் சொன்ன சிக்கல் இதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 ஆண், 5 பெண். ஒவ்வொரு பெண்ணும் மாதத்துக்கு 25 குட்டி போடுகிறது, அதில் பெரியவை தின்றதுபோக 8 பிழைக்கிறது என்று வையுங்கள். மாதம் 40 குட்டி, 20 ஆண். இரண்டு மாதம் கழித்து முதல் தொகுதியின் 20 ஆணும் துரத்தத் தயார். அவற்றோடு பிறந்த 20 பெண் இன்னும் சின்னப் பெண். ஆகவே இந்த 22 ஆணும் போய் விழுவது பழைய 5 பெண்ணின் மேல்தான். வாங்கும்போது 2-க்கு 5. இப்போது 22-க்கு 5. சின்னப் பெண்கள் வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தால், அதற்குள் அடுத்த தொகுதி ஆண்கள் தயாராகிவிடும்.

ஆகவே பிரிப்பது ஒருநாள் வேலை அல்ல, மாத வேலை. நான் செய்வது இப்படி.

பிறந்த நான்காவது வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை குட்டிகளைப் பார்க்கிறேன். இரண்டு அல்ல, மூன்று இடம் வேண்டும்: ஆண் பெட்டி, பெண் பெட்டி, சந்தேகப் பெட்டி. துடுப்பு ஒடுங்கத் தொடங்கியது ஆண் பெட்டிக்குப் போகும். கரும்புள்ளியும் முக்கோணத் துடுப்பும் சேர்ந்தே தெரிந்தால் மட்டும் பெண் பெட்டிக்கு. இரண்டும் இல்லையென்றால் சந்தேகத்தில் இருக்கட்டும். சந்தேக மீனைப் பெண் பெட்டியில் விட்டு அது ஆணாகிவிட்டால் பெட்டி முழுக்கச் சினை. சந்தேகப் பெட்டியில் தவறு நடந்தால் நட்டம் ஒன்றிரண்டோடு போகும். பெட்டி என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிற 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். ஸ்பாஞ்சை முன்பே பழைய தொட்டியில் சில வாரம் ஓடவிட்டு எடுத்தால்தான் அதில் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்கும். புது ஸ்பாஞ்சைப் போட்டு அன்றே இருபது குட்டியை விட்டால் அமோனியா ஏறிச் சாகும்.

இவ்வளவு வேலை முடியாது என்றால் பிரிப்பதை விட்டுவிட்டுக் குட்டிகள் பிழைப்பதையே குறைக்கலாம். செடி அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால் பெரியவை தின்றுவிடும். கொடுமையாகத் தோன்றலாம், கப்பிக்கு அது அன்றாடம். ஆனால் மறைவு பெண்களுக்கும் வேண்டும் என்பதால், மேலே மிதக்கும் செடியை எடுத்துவிட்டு நடுவில் நிற்கும் உயரச் செடியை விட்டுவையுங்கள். பெரிய பெண்ணை அது மறைக்கும். மேல்மட்டத்தில் ஒளியப் பார்க்கும் பிறந்த குட்டியை அவ்வளவாக மறைக்காது.

மிஞ்சியதை ஏரியிலோ கால்வாயிலோ கிணற்றிலோ விடாதீர்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்று உலகின் பல இடங்களில் கப்பியைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே பெருகி, உள்ளூர்ச் சிறு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது. மேலே படித்ததை நினைத்துப் பாருங்கள்: சினையான ஒரே ஒரு பெண் போதும், ஆண் துணையே இல்லாமல் ஒரு குளத்தில் குடும்பம் தொடங்கிவிடும்.

ஆண்களின் வால் கிழிந்திருக்கிறது

கிழிசலை உற்றுப் பாருங்கள். பிறை வடிவில், ஓரம் சுத்தமாக, ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் கடி. ஓரம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நைந்து, நாளுக்கு நாள் உள்ளே ஏறினால் துடுப்பழுகல். கடிபட்ட இடத்தில்தான் பிறகு அழுகலும் பிடிக்கும். அதனால் இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அழுகலுக்கு முதல் மருந்து தண்ணீர்: இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்பங்கு மாற்றுங்கள். தனிப்பெட்டியில் லிட்டருக்கு 1 கிராம் உப்பும் போடலாம், கப்பி தாங்கும். செடியும் கோரி மீனும் (அடித்தளத்தில் மேயும் சிறு கெளுத்தி வகை) இருக்கிற தொட்டியில் போடாதீர்கள்.

கடி என்றால் யார் கடிக்கிறது என்று பாருங்கள். ஆண்களுக்கு மட்டுமான தொட்டியில் இதற்கு மூன்று காரணம் வரும்.

மிக அடிக்கடி வருவது: ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். "போனால் போகிறது, ஒன்று இருக்கட்டும்" என்று விட்டது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் பல தொட்டிகள் இரண்டு நாளில் அடங்கிவிடும். பக்கத்துத் தொட்டியில் கண்ணாடி வழியே பெண் தெரிந்தாலும் சில ஆண்கள் பரபரப்பாகவே இருக்கும். நடுவில் ஓர் அட்டையை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை குறைவு. 2 ஆண் அல்லது 3 ஆண் இருந்தால் ஒன்று அதிகாரம் செய்யும். அடி வாங்குவது எப்போதும் அதே ஒன்று. ஆறு, ஏழு என்று இருந்தால் தொல்லை எல்லோர் மேலும் பரவி யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆண் தொட்டி வைப்பதானால் 40 லிட்டரில் 6-லிருந்து 8 வரை வைக்கலாம். துரத்தலில் தவறுகிற கணக்குக்கு நேர் எதிரான கணக்கு இது. பெண் இருக்கும் தொட்டியில் ஆணைக் குறைக்க வேண்டும், பெண் இல்லாத தொட்டியில் ஆணைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, பொருந்தாத ரகம். நீண்ட வாலோடு மெதுவாக மிதக்கும் ஆணையும், கப்பியின் நெருங்கிய உறவான எண்ட்லர் போன்ற குட்டையான வேகமான ஆணையும் ஒன்றாக விட்டால், வால்தான் குறி. எண்ட்லரும் கப்பியும் ஒன்றோடொன்று இணைசேர்ந்து குட்டியும் போடும். ரகத்தைத் தூய்மையாக வைத்திருக்க விரும்புகிறவர்கள் அதற்காகவும் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

பெண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன, ஆண்கள் நன்றாக இருக்கின்றன

எப்போது சாகிறது என்பதைக் குறித்து வையுங்கள். அதில்தான் விடை இருக்கிறது.

ஈன்று ஓரிரு நாளில் செத்தால்: ஈன்ற களைப்பின் மேல் ஆண்களின் துரத்தல். இந்த நேரத்தில் ஆண்களைப் பிரித்து வைப்பது மட்டுமே உதவும். வயதும் பாருங்கள். கப்பியின் ஆயுள் இரண்டு ஆண்டு போலத்தான். ஒன்றரை வயதைத் தாண்டிய பெண் ஈற்றுக்குப் பின் போவதில் ஆச்சரியமில்லை.

ஈனுவதற்கு முன்பே, வயிறு பெருத்த நிலையில் செத்தால்: குட்டி போடும் பெட்டியில் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டியில் பத்து நாள் அடைபட்ட பெண், ஈற்றைத் தள்ளிப்போடும், அரைகுறையாக ஈனும், சில செத்தும் போகும். குட்டிகளைக் காப்பாற்ற வேண்டுமானால் பெண்ணை அடைப்பதைவிடச் செடி நிறைந்த தனித் தொட்டியில் விடுவது மேல். அந்தச் சிறு பெட்டியை நான் எடுத்து வைத்து ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அதில் செடித் துண்டுகள் வளர்கின்றன.

வயிறு பெருத்து, செதில்கள் பைன் காய் போலச் சிலிர்த்து நின்றால் அது சினை அல்ல, நீர்க்கோவை. ஆண்–பெண் கணக்கால் வந்ததல்ல. உடனே தனியே எடுங்கள்.

குறிப்பிட்ட நேரம் என்று ஒன்றும் இல்லாமல், மெலிந்து மெலிந்து செத்தால்: தீனி கிடைக்கவில்லை. தொட்டியின் இரண்டு மூலையில் ஒரே நேரத்தில் தீனி போடுங்கள். ஆண்கள் ஒரு பக்கம் கூடும். பெண்ணுக்கு மறுபக்கம் கிடைக்கும். இது ஆணைக் குறைக்கும் வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடுதான்.

நேர்மாறாக ஆண்கள் மட்டும் சாகின்றன, பெண்கள் தாங்குகின்றன என்றால் பெரும்பாலும் இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள காரணம். பெரிய வாலுக்காகவே உருவாக்கிய ரகங்களின் ஆண்கள் பெண்களைவிட நோஞ்சான்கள். தண்ணீரின் கடினத்தன்மையைப் பாருங்கள். கப்பிக்குக் கடின நீரும் 7-க்கு மேல் பிஎச்சும் வேண்டும். மென்னீரில் முதலில் தளர்வது இந்த ஆண்கள்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் குட்டியே வரவில்லை

பெண்களை இன்னொரு தடவை பாருங்கள். குட்டி வருகிறது, பிறந்த உடனே தின்றுவிடுகின்றன என்பதுதான் பல வீடுகளில் நடப்பது. வயிறு பெருத்து ஒட்டிப்போகிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும். பெருக்கவே இல்லையென்றால் வெப்பம் 22-க்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரிப்பன், ஸ்வாலோ போன்ற ரகங்களில் எல்லாத் துடுப்பும் நீளும். ஆணின் கோனோபோடியமும் நீண்டு தொங்கி, இணைசேரப் பயன்படாது. அந்த ரகத்தில் குட்டி வேண்டுமானால் அதே ஈற்றில் பிறந்த, துடுப்பு நீளாத சாதாரண ஆணைத்தான் சேர்க்க வேண்டும்.

பெண் ஆணை விரட்டுகிறது

5, 6 சென்டிமீட்டர் பெண், 3 சென்டிமீட்டர் ஆணை விரட்டினால் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஈற்று நெருங்கிய பெண் தன்னைச் சுற்றி இடம் பிடித்து எல்லாவற்றையும் துரத்தும், ஈன்றதும் அடங்கிவிடும். ஈற்றும் இல்லாமல் நாள்தோறும் விரட்டினால், ஓர் ஆணுக்கு ஐந்தாறு பெண் என்று நீங்கள் எதிர்த்திசையில் அளவுக்கு மீறிப் போயிருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்னோர் ஆணைச் சேர்ப்பதென்றால், சேர்க்கும் முன் செடிகளையும் கற்களையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, பிறகு விடுங்கள். பழைய எல்லைகள் கலைந்திருக்கும். காலையில் விளக்கைப் போடும்போது எல்லா மீனுக்கும் அது புதுத் தொட்டிதான்.